மேலே ஒரு சாம்பல் வட்டம்

பிரிக்பீல்ட்ஸ்
6 ஆகஸ்ட் 2025

ஷப்னம் அவர்களுக்கு,

வாட்ஸ்அப்பில் நீ என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய். அதனால் மின்னஞ்சல். வேலை விஷயம் மட்டும் எழுதுகிறேன், பயப்படாதே.

உன் பொருள்கள் சில இன்னும் அலுவலகத்தில் இருக்கின்றன. குடை, நீ பாதியில் விட்டுப் போன முறுக்கு டின், உன் சுழல் நாற்காலி. குடையையும் டின்னையும் கீழே பூக்கடையில் பவுனம்மாளிடம் கொடுத்து வைக்கிறேன். யாரையாவது அனுப்பி எடுத்துக்கொள். நாற்காலியைப் படியில் இறக்குவது சிரமம். அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

அடுத்தது டெம்ப்ளேட். நாம் எந்த டிராயிங்கைத் தொடங்கினாலும் அதன் மேல்தான் தொடங்குவோம். கோட்டின் தடிமன், எழுத்தின் அளவு, தரை மட்டம் எல்லாம் அதில் முன்பே அமைந்திருக்கும். பதினான்கு வருடமாக இருவரும் சேர்ந்து செய்தது என்று நீ சொல்வாய். ஆரம்பத்தில் நீ அதைத் தொடக்கூட மாட்டாய் என்பது எனக்கு நினைவிருக்கிறது. கிள்ளானுக்குப் போகும்போது ஒரு பிரதி எடுத்துப் போனாய். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அதை இன்னொருத்தி கையில் கொடுத்திருக்கிறாய் என்று பவுனம்மாள் சொல்கிறாள். மலர் என்று யாரோ. யார் அது?

உன் அத்தாவின் உடம்பு எப்படி இருக்கிறது? இது வேலை விஷயம் இல்லைதான். கேட்க வேண்டும் என்று தோன்றியது.

டிராயிங்குக்கு வாங்கிய புது கம்ப்யூட்டர் மெஷின் நன்றாக ஓடுகிறது. நீ வேண்டாம் என்றாய், நான் வாங்கினேன், நீ போனாய். யார் செய்தது தப்பு என்று நான் கேட்கவில்லை. மெஷின் ஓடுகிறது என்று மட்டும் தெரிவிக்கிறேன்.

சந்திரகலா


கிள்ளான்
8 ஆகஸ்ட் 2025

மாட்சிமை தங்கிய சந்திரகலா அம்மையாருக்கு,

நீ ‘அவர்களுக்கு’ என்று எழுதியதை அத்தாவிடம் வாசித்துக் காட்டினேன். அவருக்கு வாய் இன்னும் ஒரு பக்கம் கோணித்தான் இருக்கிறது. ஆனாலும் சிரித்தார். கடைக்குப் போக வேண்டும் என்று தினமும் அடம். கையைத் தூக்கினால் துணியைப் பிடிக்க முடியவில்லை. வாரம் மூன்று நாள் பிசியோதெரபிக்கு நான்தான் கூட்டிப்போகிறேன். கேட்டதற்கு நன்றி.

யார் தப்பு என்று நீ கேட்கவில்லை. சரி, நானும் பதில் சொல்லவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன். அத்தா கடையில் துணி அளந்துகொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். நான் கிள்ளானைவிட்டு நகர முடியாது என்று ஆகிவிட்டது. உன்னிடம் வந்து, ஸ்ட்ரீமிங்குக்கு மாறிவிடலாம் கலா, நீ பிரிக்பீல்ட்ஸில் இரு, நான் கிள்ளானில் இருக்கிறேன், இருவரும் ஒரே டிராயிங்கில் வேலை செய்யலாம் என்றேன். நீ சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது. “என் டிராயிங் என் மேசைக்குக் கீழே இருக்கணும். முகம் தெரியாதவன் மெஷின்ல இல்ல.” அடுத்த வாரம் உன் மேசைக்குக் கீழே ஒரு புது மெஷின் வந்து உட்கார்ந்தது. நான் எங்கே உட்காருவேன் என்று நீ கேட்கவே இல்லை.

நீ எப்போதும் முழுதாகக் கேட்டதில்லை என்பதால் இப்போது சொல்கிறேன். என் லேப்டாப் பழசு, உனக்குத் தெரியும். அதில் அந்த சாப்ட்வேர் இல்லவே இல்லை. எங்கோ ஒரு டேட்டா சென்டரில் பெரிய மெஷினில் ஓடுகிறது. எனக்கு வருவது அதன் படம் மட்டும், பிரௌசரில், வீடியோ பார்ப்பதைப் போல. நான் மவுஸை அசைத்தால் அந்த அசைவு அங்கே போகிறது. மாறிய படம் இங்கே வருகிறது. மழை பெய்து லைன் மெதுவாகிப்போனால் கோடெல்லாம் கலங்கும், பிறகு தெளியும். மற்றபடி உன் மெஷினில் சுழலும் கட்டடம் என் மடியிலும் சுழல்கிறது. பிசியோ அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே வரைகிறேன்லா.

மலர் செராஸில் இருக்கிறாள். ஒரு கப்பல் பட்டறையில் டிராயிங் போட்டவள். அவள் வீட்டிலிருந்து வரைகிறாள், நான் இங்கிருந்து. என் அம்புக்குறி சிவப்பு, அவளுடையது பச்சை. நேரில் பார்த்தது இரண்டே தடவை. என்னை ‘மேடம்’ என்கிறாள். இப்போது தூங்குவாயா?

இதைத் தொடங்கிய அன்றைக்கே உன் பெயரையும் ‘கலா’ என்று சேர்த்து வைத்தேன். வரைவதற்கான சந்தா எடுக்கவில்லை, நீதான் மறுத்தாயே. பார்வையாளர் என்று மட்டும். அந்த அழைப்பு உன் மெயிலில் எங்காவது கிடக்கும். நீ திறந்திருக்க மாட்டாய்.

பவுனம்மாள் எனக்கும் வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறாள். மேலே விஜயன் என்று ஒருவன் வருகிறானாம், நாள் முழுக்கச் சிரிப்புச் சத்தம் கேட்கிறதாம். பதினான்கு வருடம் அங்கே இருந்தேன். சிரிப்புச் சத்தம் கீழே கேட்டதாக யாரும் என்னிடம் சொன்னதில்லை.

ஷப்னம்


பிரிக்பீல்ட்ஸ்
14 ஆகஸ்ட் 2025

ஷப்னம்,

விஜயன் மெஷின் விற்ற கம்பெனி அனுப்பிய ஆள். நெட்வொர்க் சரி செய்ய வந்தவன், பிறகு பகுதி நேரமாக வரைகிறான். சிரிக்கிறவன் அவன் மட்டும்தான். போனில் வீடியோ பார்த்துச் சிரிக்கிறான். உன் நாற்காலியில் உட்காருவதில்லை. பிளாஸ்டிக் முக்காலி கொண்டு வந்திருக்கிறான், உட்கார்ந்தால் மூட்டு மேசையில் இடிக்கிறது. வேறு நாற்காலி வாங்கித் தரலாம். தரவில்லை.

நீ அனுப்பிய அழைப்பை நான் பார்க்கவில்லை. மெயிலைத் தேடவும் இல்லை.

மலரைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. ஆனால் ஒரு கோடு போட்டுவிட்டு உடனே முழுத் தாளையும் தூரமாக்கிப் பார்க்கிற பழக்கம் நல்லதல்ல. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு தடவை தூரம், ஒரு தடவை கிட்டே. பார்க்கிறவருக்குத் தலை சுற்றும். கையில் நம்பிக்கை இல்லாதவர்கள்தான் அப்படிச் செய்வார்கள். கதவைக்கூட முதலில் தப்பான பக்கம் திறக்க வைத்துவிட்டு அப்புறம் திருப்புகிறாளாம். பங்சாரில் நமக்கு வேலை கொடுத்த ஓர் இன்டீரியர்காரர் சொன்னார். அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் விசாரிக்கவில்லை.

நீ முன்பைவிட வேகமாக வரைகிறாய் என்றும் சொன்னார். என்னோடு இருந்தபோது ஏன் அந்த வேகம் இல்லை?

அத்தாவுக்கு சூப் செய்து கொடு. ஆட்டுக்கால் வேண்டாம், டாக்டர் திட்டுவார்.

கலா


கிள்ளான்
18 ஆகஸ்ட் 2025

கலா,

பங்சார்காரர் மிகவும் கூர்மையானவர். அந்தக் கதவு எங்கள் தாளில் தப்பான பக்கம் இருந்தது கால் மணி நேரம்கூட இருக்காது. அவருக்கு என் சலாம் சொல்.

இப்போது ஓர் உதவி கேட்கப்போகிறேன். கேட்பது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அதனால் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

மேரு சாலையில் கன்னையா என்று ஒருவர் இரும்புப் பட்டறை வைத்திருக்கிறார். அவருக்கு ஒரு துணி கோடவுனில் இடைத்தளம் போடும் வேலை வந்திருக்கிறது. கீழே சாமான், மேலே சாமான், நடுவில் இரும்புத் தூண்களின் மேல் ஒரு தளம். டிராயிங் முழுவதும் என்னிடம் கொடுத்திருக்கிறார். தனியாக வந்த பிறகு எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை இது. தாள் போனதும் இரும்பை வெட்டுவார், துளையிடுவார், துத்தநாகப் பூச்சுக்கு அனுப்பிவிடுவார். அதற்குப் பிறகு தப்பு என்று சொன்னால் என்னை மறுபடி கூப்பிட மாட்டார். கிள்ளானில் வேறு யாரும் கூப்பிட மாட்டார்கள். அத்தாவை விட்டுவிட்டு நான் கோலாலம்பூருக்குத் திரும்பவும் முடியாது. என் நிலைமை இதுதான்.

தாள் 29ஆம் தேதி போக வேண்டும். அதற்கு முன்னால் நம்முடைய வாசிப்பை நீ ஒரு தடவை செய்து தர முடியுமா? நான் ஒவ்வோர் அளவாகச் சத்தமாகச் சொல்கிறேன், நீ மஞ்சள் பேனாவால் கோடு போட்டுக்கொண்டே வா, முன்பு செய்ததைப் போல. அந்தப் பழக்கம் வந்ததிலிருந்து நாம் வாசிக்காமல் ஒரு தாளும் வெளியே போனதில்லை. மலர் வரைவாள். ஆனால் அவளுக்கு நம் வாசிப்பு தெரியாது.

போனிலேயே செய்யலாம். உன்னைத் தடுத்து வைத்திருந்ததை எடுத்துவிட்டேன்.

ஷப்பு


பிரிக்பீல்ட்ஸ்
20 ஆகஸ்ட் 2025

ஷப்னம்,

‘ஷப்பு’ என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். உதவி வேண்டும்போது அந்தப் பெயர் வருகிறது.

என்னால் முடியாது. இந்த மாதம் இங்கே வேலை அதிகம். அது ஒரு காரணம். இன்னொரு காரணம், நான் வாசித்தால் அது யாருடைய டிராயிங் என்று எனக்குத் தெரிய வேண்டும். மலர் வரைவாள், நீ மேற்பார்வை செய்வாய், நான் பிரிக்பீல்ட்ஸில் உட்கார்ந்துகொண்டு பள்ளிக்கூட வாத்தியாரைப் போலச் சரி போட வேண்டும். தாளின் மூலையில் யார் பெயர் வரும்? உன் பெயரும் அவள் பெயரும். அந்தக் கட்டத்தில் என் பெயர் இருந்த இடத்தில் இப்போது அவள் பெயர் இருக்கிறது.

அவளுக்குத் தெரியாது என்கிறாய். சொல்லிக் கொடு. எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நாம் இருவரும் நமக்காகச் செய்துகொண்டது அது. பாலிடெக்னிக்கை விட்டு வந்த புதிதில் ஓர் உணவகத்தின் அடுப்பு மேடையைத் தலைகீழாக அனுப்பினோமே, அதற்குப் பிறகு வந்த பழக்கம். அதை எடுத்து இன்னொருத்திக்குக் கொடுக்கலாம் என்றால் கொடு. என்னைக் கேட்காதே.

நீ என்னைத் தடுத்து வைத்திருந்ததை எடுத்தது எனக்குத் தெரியும். உன் புகைப்படம் திரும்ப வந்தது. தலைமுடியை வெட்டியிருக்கிறாய் போலிருக்கிறது. அதையும் சொல்லவில்லை.

சந்திரகலா


கிள்ளான்
21 ஆகஸ்ட் 2025

கலா,

சரி.

மலருக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். தலைமுடி வெட்டவில்லை, தலைத்துணியை, டுடோங்கை, வேறு மாதிரி கட்டியிருக்கிறேன். உன் கண்ணாடியை மாற்று.

ஷப்னம்


பிரிக்பீல்ட்ஸ்
29 ஆகஸ்ட் 2025, வெள்ளி காலை

ஷப்பு,

முதலில் இதைப் படி, மற்றதைப் பிறகு படி. தாளைக் கன்னையாவுக்கு அனுப்பாதே. தூண்கள் எல்லாம் குட்டையாக இருக்கின்றன.

நம் டெம்ப்ளேட்டில் மட்டத்தின் பூஜ்யம் எங்கே என்று யோசி. டைல்ஸின் மேலே. நமக்கு முதலில் வந்ததெல்லாம் பங்சார் உணவகங்கள், டைல்ஸ் பதித்த பிறகுதான் நம்மைக் கூப்பிடுவார்கள். அதனால் நான் பூஜ்யத்தை அங்கே வைத்தேன். அதை எங்கும் எழுதி வைக்கவில்லை. உனக்கும் எனக்கும் தெரியும் என்பதால் எழுதத் தோன்றவில்லை. மலர் அதை வெறும் கான்கிரீட் தரை என்று எடுத்துக்கொண்டாள். கோடவுனில் தூண் கான்கிரீட்டின் மேல் நிற்கும், பூச்சும் டைல்ஸும் பிறகுதான் அதைச் சுற்றி வரும். அந்தக் கனம் அளவுக்கு ஒவ்வொரு தூணும் குறையும். நீளமாகப் போயிருந்தால் கன்னையா வெட்டிக்கொள்வார். இது குட்டை. வாசிப்பில் இது அகப்படாது, எண்கள் எல்லாம் ஒன்றோடொன்று சரியாகத்தான் இருக்கின்றன, எண் தொடங்குகிற இடம்தான் தப்பு.

எப்படித் தெரியும் என்று கேட்பாய். பங்சார்காரர் யாரும் இல்லை. உன் அழைப்பைத் தேடி எடுத்தேன். நீ அதைப் பற்றி எழுதிய அன்றே திறந்தேன். வேலை செய்யாது என்று நினைத்தேன், திறந்துகொண்டது. முழுத் திரையிலும் உங்கள் டிராயிங். மேலே ஓரத்தில் எதுவும் இல்லை, கருவிகள் இல்லை, படம் மட்டும். என்னால் எதையும் தொட முடியாது. எனவே என்னை யாருக்கும் தெரியாது என்று நினைத்து, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஒரு கிளாஸ் தே தாரிக் டீயை வைத்துக்கொண்டு தினமும் பார்த்தேன். விஜயன் கேட்டால் பழைய வேலை என்றேன்.

சிவப்பு நீ. நீ வரைவதை நான் உன் பின்னால் நின்றுகூட இத்தனை நேரம் பார்த்ததில்லை. பச்சை எங்கே போனாலும் சிவப்பு கொஞ்சம் தள்ளி நிற்கும், அவள் முடிக்கும் வரை காத்திருக்கும். என்னோடு நீ காத்திருந்ததே இல்லை, கையிலிருந்து மவுஸைப் பிடுங்குவாய்.

செவ்வாய்க்கிழமை வாசிப்பைப் பார்த்தேன். சத்தம் கிடையாது. பச்சை ஓர் அளவின் மேல் வந்து நின்றது. சிவப்பு அதே இடத்துக்கு வந்தது. பிறகு பச்சை அடுத்ததற்குப் போனது. அவள் சொல்கிறாள், நீ பார்க்கிறாய் என்று புரிந்தது. தாள் முழுவதும் அப்படியே போனீர்கள். நான் தேநீரைக் குடிக்கவில்லை, ஆறிப்போயிற்று.

அந்த வாசிப்பின்போதுதான் தூண் கண்ணில் பட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஷப்பு. இதை எழுதாமல் விடலாம், ஆனால் எழுதுகிறேன். நல்லது, இந்தத் தப்பு அவள் கையால் போகட்டும் என்று நினைத்தேன். புதன்கிழமையும் அப்படியே நினைத்தேன். நேற்று நீ பிசியோவிலிருந்து வரைந்தாய் என்று நினைக்கிறேன், மழை போலிருக்கிறது, கோடெல்லாம் கலங்கிக் கலங்கி வந்தது. அந்தக் கலங்கின படத்தில் சிவப்பு ஒரு தூணின் அடியில் வெகுநேரம் நின்றது. கிட்டே வந்துவிட்டாய், பிடித்துவிடுவாய் என்று நினைத்தேன். போய்விட்டாய். காலையில் எழுந்ததும் கன்னையா என்ற அந்த மனிதர் உன்னிடம் என்ன பேசுவார் என்று யோசித்துப் பார்த்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

போனில் கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை. கிடைத்தது என்று ஒரு வார்த்தை எழுது.

கலா


கிள்ளான்
30 ஆகஸ்ட் 2025

கலா,

கிடைத்தது. தாள் போகவில்லை. உன் போனை நான் வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. பேசினால் கத்துவேன், எழுதினால் அடங்கி எழுதுவேன்.

உன் திரையில் மேலே எதுவும் இல்லை என்றாய். என் திரையில் இருக்கிறது. யார் யார் டிராயிங்கில் இருக்கிறார்களோ அவர்கள் பெயரின் முதல் எழுத்து மேலே ஒரு வட்டத்துக்குள் வரும். எனக்குச் சிவப்பில் ‘ஷ’, மலருக்குப் பச்சையில் ‘ம’. பார்க்க மட்டும் வருகிறவர்களுக்கு சாம்பல் நிறம். நீ வந்த முதல் நாளே மலர் கேட்டாள், மேலே சாம்பல் நிறத்தில் ‘க’ என்று யார் மேடம் என்று. என் பார்ட்னர் என்றேன். ஒண்ணும் பேச மாட்டாங்களா என்றாள். இப்போதைக்குப் பேச மாட்டாள் என்றேன்.

தினமும் நீ வருகிற நேரத்துக்கு நான் காத்திருப்பேன். அத்தாவுக்குச் சோறு ஊட்டிவிட்டு ஓடி வந்து திறப்பேன். வட்டம் வந்தால் அன்றைக்கு நன்றாக வரைவேன். அதுதான் நீ சொன்ன வேகம். மலரின் அம்புக்குறிக்குப் பக்கத்தில் காத்து நின்றதும் நீ பார்க்கிறாய் என்றுதான். நான் பொறுமைசாலி என்று உனக்குக் காட்ட வேண்டியிருந்தது. வட்டம் வராத நாள் ஒன்று உண்டு, அன்றைக்கு விஜயனோடு எங்கோ சாப்பிடப் போயிருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு மலரைத் திட்டினேன்.

இப்போது நீ என்னைத் திட்ட வேண்டிய பகுதி. தூண் குட்டை என்று எனக்குப் புதன்கிழமையே தெரியும். வாசிப்பு முடிந்த மறுநாள் தானாக உறைத்தது. உடனே திருத்தியிருக்க வேண்டும். மேலே பார்த்தேன், உன் வட்டம் இருந்தது. நீ அந்தத் தாளைவிட்டு நகரவில்லை. உனக்கும் தெரிந்துவிட்டது என்று புரிந்தது. கலா எழுதுவாள், இன்றைக்கே எழுதுவாள் என்று அப்படியே விட்டேன். எழுதவில்லை. வியாழக்கிழமை அந்தத் தூணின் அடியில் அம்புக்குறியைக் கொண்டுபோய் நிறுத்தினேன், இதோ பார், சொல்லு என்று. அப்போதும் நீ எழுதவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் நானே திருத்தியிருப்பேன், கன்னையாவை ஏமாற்றும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் நீ சொல்லாமல் இருந்திருந்தால் அதற்குப் பிறகு உனக்கு நான் எழுதியிருக்க மாட்டேன். உன் கடிதம் வந்தபோது எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது.

உன் கடிதத்தில் தூணைப் பற்றிய பகுதியை மலருக்குப் போனில் வாசித்தேன். எனக்கும் முன்பே தெரியும் என்பதை மறைக்க முடியவில்லை. அவள் கேட்டாள்: “தெரிஞ்சே அந்தத் தூணை அப்படியே விட்டு வெச்சீங்களா மேடம்? உங்க ரெண்டு பேர் சண்டைக்கு என் டிராயிங்தான் கெடச்சுச்சா?”

நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. “அந்த பூஜ்யத்தை அங்க வெச்சவங்க எனக்கு வந்து சொல்லட்டும். இன்னும் வேற என்னென்ன எழுதாம வெச்சிருக்காங்கன்னு சொல்லட்டும். அது வரைக்கும் டிராயிங்கை நான் திறக்க மாட்டேன்” என்றாள். உன் பெயருக்கு எதிரே ‘பார்வையாளர்’ என்று இருந்ததை ‘திருத்தலாம்’ என்று மாற்றியவள் அவள்தான், நான் இல்லை.

நாளை சுதந்திர தினம், அதைச் சாக்காகச் சொல்லிக் கன்னையாவிடம் இன்னும் ஒரு வாரம் கேட்டிருக்கிறேன். “மெர்டேக்கா லீவுன்னு வெச்சுக்கிறேன்மா, அதுக்கு மேல வேற ஆளைப் பாத்துக்குவேன்” என்றார். மலர் இல்லாமல் என்னால் முடிக்க முடியாது. நீ இல்லாமல் மலர் வர மாட்டாள்.

ஷப்பு


பிரிக்பீல்ட்ஸ்
1 செப்டம்பர் 2025

ஷப்பு,

உன் கடிதத்தை லீவு நாளில் அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்து படித்தேன். முதலில் வெட்கமாக இருந்தது. மூன்று வாரமாக வாசல் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நிற்பதாக நினைத்துக்கொண்டு, காலும் சேலையும் வெளியே தெரிய நின்றிருக்கிறேன்.

பிறகு கோபம் வந்தது. என்னைச் சோதித்திருக்கிறாய். கன்னையாவின் இரும்பை வைத்து, உன் பிழைப்பை வைத்து. நான் அந்த வெள்ளிக்கிழமை காய்ச்சலில் படுத்திருந்தால்? இதை நேரில் கேட்பேன், எழுத்தில் போதாது.

உன் மலர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. சண்டையில் தன் டிராயிங்கை இழுக்காதே என்று சொல்கிறவளுக்குக் கையில் நம்பிக்கை இல்லை என்று நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். தூரமாக்கிப் பார்க்கிற பழக்கம் தப்புதான், அதைத் திரும்பப் பெறவில்லை.

அவள் எண்ணை அனுப்பு. நானே பேசுகிறேன். நீ லைனில் இருக்க வேண்டாம். நீ இருந்தால் நான் உன்னிடம் பேச ஆரம்பித்துவிடுவேன், அவளுக்கு எதுவும் போய்ச் சேராது.

கலா


கிள்ளான்
4 செப்டம்பர் 2025

கலா,

தாள் இன்று காலை கன்னையாவுக்குப் போய்விட்டது. தூணின் அடியில் புதிதாக ஒரு வரி இருக்கிறது: ‘மட்டம் பூஜ்யம் = டைல்ஸ் மேல்பரப்பு.’ டெம்ப்ளேட்டிலும் எழுதியிருக்கிறீர்கள். மூலையில் மூன்று பெயர். கன்னையா போன் செய்து, மூணு பொம்பளைங்களா, அப்ப நான் வாயே திறக்கல என்றார். வெட்ட ஆரம்பித்துவிட்டார். என் நன்றியை நீ எழுத்தில் எதிர்பார்க்க மாட்டாய்.

ஆனால் இதை எழுத வேண்டும். நேற்று அத்தாவை பிசியோவுக்குள் அனுப்பிவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். லேப்டாப்பை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். போனில் திறந்தேன். போனில் பார்க்க மட்டும்தான் முடியும், தொட முடியாது. பச்சை இருந்தது. புதிதாக ஒரு மஞ்சள் இருந்தது. நீ மஞ்சள் பேனா வைத்திருப்பாயே, அதே நிறத்தை உனக்குக் கொடுத்திருக்கிறது.

மஞ்சள் ஓர் அளவின் மேல் வந்து நின்றது. பச்சை அங்கே வந்தது. மஞ்சள் அடுத்ததற்குப் போனது. நீ வாசிக்கிறாய், அவள் பார்க்கிறாள். நடுவில் ஓர் இடத்தில் இரண்டும் வெகுநேரம் அசையவே இல்லை. அளவு எதுவும் இல்லாத வெற்று இடம். ஏதோ பேசிச் சிரிக்கிறீர்கள் என்று தோன்றியது. எனக்குச் சத்தம் கேட்கவில்லை.

என் சாம்பல் வட்டம் உங்கள் இருவர் தலைக்கு மேலும் இருந்திருக்கும். ஒருத்திகூடக் கண்டுகொள்ளவில்லை. அத்தா வெளியே வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, யாரும்மா செத்துப்போனது என்றார்.

இன்று காலை மலரிடம் போனில் பேசினேன். சந்தோஷமாக இருக்கிறாள். கலாக்கா இப்படிச் சொன்னாங்க, கலாக்கா அப்படிச் சொன்னாங்க, மத்தியானம் கலாக்கா திரும்பக் கூப்பிடுவாங்க. நான் இரண்டு மாதமாக அவளுக்கு மேடம். நீ ஒரே நாளில் அக்கா.

சனிக்கிழமை அத்தாவை என் தம்பி பார்த்துக்கொள்வான். காலை ரயிலில் சென்ட்ரலில் இறங்கி அலுவலகத்துக்கு வருகிறேன். மலரையும் வரச் சொல்லியிருக்கிறாய் என்று எனக்கு மலர் சொல்லித்தான் தெரிந்தது. பரவாயில்லை, வரட்டும். என் நாற்காலியில் மட்டும் அவளை உட்கார வைக்காதே. விஜயனுடைய முக்காலி இருக்கிறது.

ஷப்பு